ஒட்டியதைப் பிரிக்கப் போன பயணம்

முதல் நாள்: வியன்னா, துல்ன்

பையில் மூன்று காலி உறைகள் இருக்கின்றன. உள்பக்கம் வெள்ளி போல மின்னும் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட். ஒரு பழச்சாற்று அட்டைப்பெட்டி. சமைத்த உணவை அடைத்து விற்கும் ஒரு தடிமனான பை. மூன்றையும் கழுவிக் காயவைத்து, அடுக்குகள் தெரியும்படி ஓரத்தை வெட்டி எடுத்து வந்திருக்கிறேன்.

18 வருடமாக இந்த மாதிரி உறைகளை ஒட்டுகிறவன் நான். லேமினேஷன் பிரிவு. ஒரு ரோலில் பாலியெஸ்டர் ஃபிலிம், இன்னொரு ரோலில் பாலிஎத்திலீன் அல்லது அலுமினியத் தகடு, நடுவில் பசை. 15 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எவ்வளவு விசைக்கு அடுக்கு பிரிகிறது என்று தினமும் அளப்போம். பிரிந்து வந்தால் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். டீலேமினேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குத் தூக்கம் போகும். அப்படிப் பிரியாமல் பார்த்துக்கொண்டவன், அதைப் பிரிக்க முயல்பவர்களின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன். ஆறு நாள். அன்றன்றைக்கு இரவே எழுதிப் போடுகிறேன்.

ஒரு விஷயம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் விழும் ஃபிலிம் துண்டுகளை வாங்க ஆள் உண்டு. பசை தடவி ஒட்டிய மறுநிமிடம் அதே ஃபிலிமை யாரும் சீண்டுவதில்லை. பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகும். பாலியெஸ்டர், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட், உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருக்கினால் ஒன்றோடொன்று கலக்காது, ஒன்று கெட்டும் போகும். ஆகவே எரிக்கிறார்கள், இல்லை புதைக்கிறார்கள்.

துல்ன் வியன்னாவிலிருந்து ரயிலில் எட்டிவிடும் தூரம், டான்யூப் கரையில். வியன்னாவின் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இங்கே ஓர் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கேயார்க் கூபிட்ஸின் குழு நொதிகளை, அதாவது என்சைம்களை, வைத்து வேலை செய்யும் இடம். 2021 இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் திரவத்தை எடுத்து, அதில் பெட் உள்ளிட்ட மூன்று பாலியெஸ்டர்களைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் சிதையத் தொடங்கின. ஃபிலிமைவிடப் பொடி சீக்கிரம் சிதைந்தது. மாட்டுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் திறமை? இலையின் மேல்தோலில் க்யூட்டின் என்று ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது இயற்கையே செய்த பாலியெஸ்டர். இலையைத் தின்னும் மாட்டின் வயிற்றில் அதை வெட்டும் நுண்ணுயிரிகள் இருந்தாக வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது இதே குழு துணிக் கழிவில் செய்த வேலை. பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர் மூன்றும் கலந்த துணி. புரதத்தை வெட்டும் நொதியைப் போட்டால் கம்பளி மட்டும் கரைகிறது. செல்லுலோஸை வெட்டும் நொதியைப் போட்டால் பருத்தி மட்டும் சர்க்கரையாகிறது. பாலியெஸ்டர் தொடப்படாமல் அப்படியே நிற்கிறது. எந்தச் சல்லடையாலும், எந்தக் காந்தத்தாலும் இதைச் செய்ய முடியாது. "பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா" என்று செய்தியில் வரும்போது எல்லோரும் தின்பதையே பார்க்கிறோம். நான் பார்க்க வந்தது அது எதைத் தின்னாமல் விடுகிறது என்பதை.

கட்டிடத்தை வெளியே நின்று பார்த்தேன். பிறகு நதிக்கரையில் உட்கார்ந்து, உறையின் ஓரத்தை நகத்தால் உரித்துப் பார்த்தேன். உரியவில்லை.

இரண்டாம் நாள்: லைப்சிக்

காலை ரயில், ப்ராக் வழியாக. மதியம் தாண்டி லைப்சிக். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நேராகத் தெற்குக் கல்லறைத் தோட்டம் போனேன்.

1886 இல் திறந்த இடம். சுமார் 80 ஹெக்டேர். கல்லறை என்பதைவிடக் காடு என்றே சொல்லலாம். மரங்களுக்கு நடுவே மண் பாதைகள் வளைந்து போகின்றன. இவ்வளவு மரம் இருந்தால் இலை விழும், வாடிய மலர்வளையங்களும் சேரும். எல்லாம் மக்கு உரக் குவியலுக்குப் போகின்றன. அந்தக் குவியலிலிருந்துதான் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியான் சொனன்டெக்கரும் அவர் குழுவும் மாதிரி எடுத்தார்கள். 2022 இல் முடிவு வெளியானது. குவியலில் கிடைத்த மரபணுக்களிலிருந்து ஏழு நொதிகளைச் செய்து பார்த்தார்கள். ஏழாவது மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது. அதனால் பெயரே பிஎச்எல் 7. லைப்சிக்கின் பாலியெஸ்டர் வெட்டி, எண் ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். 16 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தைச் சிதைத்தது. அதுவரை முன்னணியில் இருந்த எல்சிசி என்ற நொதி அதே நேரத்தில் செய்தது 45 சதவீதம்.

அந்த எல்சிசியும் மக்கு உரத்தில் பிறந்ததுதான். ஜப்பானில், ஒசாகா பல்கலைக்கழகத்தார் இலையும் கிளையும் மக்கிய குவியலில் கண்டெடுத்து 2012 இல் அறிவித்தார்கள். 2016 இல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட, பெட்டைத் தின்னும் இடியோனெல்லா சகாயென்சிஸ் பாக்டீரியா மட்டும் வேறு இடத்தில் கிடைத்தது: சகாய் நகரில் பெட் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்தில். 250 மாதிரிகளைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது 30 டிகிரியில் வாழும் உயிர். மெல்லிய ஃபிலிமை முடிக்க 6 வாரம் எடுத்துக்கொண்டது. மக்கு உரக் குவியல் அப்படி இல்லை. நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும், 60, 70 டிகிரிவரை. பெட் நெகிழத் தொடங்குவதும் அந்தச் சூட்டில்தான். நெகிழ்ந்தால்தான் நொதிக்குப் பிடி கிடைக்கும். வெயிலுக்கும் மழைக்கும் அசையாத ஒரு பொருளை வெட்டும் கத்தி, இலைக் குப்பையின் சொந்தச் சூட்டில் பதப்பட்டிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நடந்தேன்.

தள்ளுவண்டியில் இலை அள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் குவியல் எங்கே என்று கேட்டேன். பார்வையாளர்கள் போகும் பக்கம் இல்லை என்று கையைக் காட்டினார். சரி, அவர் வண்டியில் இருந்த ஈர இலையையாவது தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

மூன்றாம் நாள்: லைப்சிக்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: அப்படியானால் உங்கள் உறையை அந்த நொதியில் போட்டால் முடிந்ததுதானே?

முடியாது. இந்தக் காரணத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன். எங்கள் உறையில் பாலியெஸ்டர் 12 மைக்ரான்தான். ஆனால் அது இரண்டு திசையிலும் இழுத்து முறுக்கேற்றிய ஃபிலிம். மூலக்கூறுகள் வரிசையாகப் படிந்து பாதி படிகமாகவே ஆகிவிட்டிருக்கும். அந்த வலிமைக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். நொதிக்கோ படிகம் ஆகாது. மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடக்கும் இடத்தில்தான் அது புகுந்து வெட்டும். சோதனைகளில் பிரமாதமாகக் கரைவது பழம் வைத்து விற்கும் மெல்லிய பெட் தட்டுகள். பாட்டிலையே முதலில் உருக்கிச் சட்டென்று குளிரவைத்து, படிகத்தைக் குலைத்து, பொடியாக்கிய பிறகுதான் நொதியிடம் கொடுக்கிறார்கள். ஒட்டிய உறையை உருக்கினால் பாலிஎத்திலீனும் சேர்ந்து குழம்பிவிடும்.

அப்படியென்றால் எதை வெட்டுவது? இன்று முழுவதும் இந்தக் கேள்விதான். பசையைத்தான் என்று தோன்றுகிறது.

நாங்கள் தடவும் பசை பாலியூரித்தேன். இரண்டு பாகமாக வரும், கலந்து தடவி, வெதுவெதுப்பான அறையில் ரோலை ஒன்றிரண்டு நாள் வைத்தால் இறுகும். சதுர மீட்டருக்கு இரண்டு, மூன்று கிராம்தான் பூசுவோம். மொத்த உறையில் அது ஒரு துளி. அந்தத் துளி போனால் எல்லா அடுக்கும் தானாகக் கழன்று வரும். முழு உறையையும் தின்ன வேண்டிய தேவையே இல்லை.

இதற்கும் இதே ஊரில் ஒரு தடயம் இருக்கிறது. லைப்சிக்கின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் ஹெர்மன் ஹைபீபரின் குழு, உடைந்து உதிரும் பிளாஸ்டிக் குப்பை கிடந்த மண்ணிலிருந்து ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 2020 இல் அறிவித்தது. பாலியூரித்தேன் சிதையும்போது டைஅமினோடொலுயீன் என்று ஒரு நச்சுப்பொருள் வெளிவரும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள். இந்தப் பாக்டீரியா அதையே கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் ஆற்றலுக்கும் உணவாக எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அது நேரடியாக வெட்டுவதாக அவர்கள் சொல்லவில்லை. சிறு துண்டுகளைத்தான் தின்கிறது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல். பசையை வெட்டினால் மிஞ்சும் விஷத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பதில் மண்ணில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

நான்காம் நாள்: ரயிலில், ஆகன் நோக்கி

ஜெர்மனியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கும் நாள். எதிரே உட்கார்ந்திருந்த பையன் தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டு வந்தான். பேச்சுக் கொடுத்தேன். நொதிகள் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறானாம்! பையிலிருந்த உறைகளை மேசைமேல் எடுத்து வைத்தேன்.

அவன் செல்பேசியில் ஒரு படம் காட்டினான். வட்டத் தட்டில் பால் போல வெளுத்த ஜெல், நடுவில் பாக்டீரியாப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றித் தெளிந்த வளையம். இம்ப்ரானில் என்ற பாலியூரித்தேன் கரைசலை ஜெல்லில் கலந்துவிடுவார்கள், அதனால் வெளுப்பு. நுண்ணுயிரி அதை வெட்டினால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

"அப்போ பசையை இது வெட்டிடும்தானே, தம்பி?"

"இதை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க சார். இம்ப்ரானில்ல எஸ்டர் பிணைப்பு நிறைய, பெட்ல மூலக்கூறுகளைக் கோத்திருக்கிற அதே வகை. அதை வெட்டினாலே தெளிஞ்சிடும். யூரித்தேன் பிணைப்பு அப்படியே இருக்கலாம். உங்க பசை பாலியெஸ்டர் வகையா, பாலிஈதர் வகையா?"

இரண்டும் வாங்குகிறோம். விலையையும் வேகத்தையும் பார்த்து வாங்குவோம். எது பிற்காலத்தில் வெட்டுப்படும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவனிடம் அதைச் சொன்னேன்.

"எஸ்டர் வகைன்னா நொதிக்கு ஒரு பிடி இருக்கு சார். ஆனா நொதி எப்படி உள்ள போகும்? ரெண்டு ஃபிலிமுக்கு நடுவுல இருக்கே."

சரியான கேள்வி. நொதி ஒரு பெரிய புரத மூலக்கூறு. பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போகாது. வெட்டிய ஓரம் வழியாகத்தான் நுழைய முடியும். எவ்வளவு சிறிதாக நறுக்குகிறோமோ அவ்வளவு ஓரம் கிடைக்கும். ஆனால் ரொம்பப் பொடியாக்கினால் பிறகு அடுக்குகளைத் தனித்தனியாகப் பொறுக்குவது கஷ்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்க வேண்டும். நாங்கள் பேசிப் பேசி ஒரு சென்டிமீட்டர் என்று வந்து நின்றோம்.

அப்புறம் அவன் சொன்னதுதான் இன்றைக்கெல்லாம் மனசில் ஓடுகிறது. நொதியை வெளியிலிருந்து அனுப்புவதற்குப் பதில், பசைக்குள்ளேயே தூங்கவைத்து விட்டால்? டெர்மினஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் 2019 இல் தொடங்கியது இதற்காகத்தான்: அடுக்குகளுக்கு நடுவே வரும் பொருளில் நொதியை வைத்து, உறையின் வேலை முடிந்தபின் தூண்டிவிட்டு அடுக்குகளைப் பிரிப்பது. 2021 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டிங் ஷூவின் குழு, மக்கும் பிளாஸ்டிக்குகளுக்குள் நொதியைப் பாதுகாப்பு உறையோடு கலந்து வைத்தது. வெந்நீரோ மக்கு உரச் சூடோ பட்டதும் உள்ளிருந்தே அவை சிதைந்தன. அவற்றில் ஒன்றான பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 50 டிகிரி மக்கு உரத்தில் 6 நாளில் சிதைந்தது.

பிளாஸ்டிக்கை உருக்கி ஃபிலிமாக்கும் சூட்டில் நொதி பிழைப்பது பெரும்பாடு. ஆனால் பசை? கரைப்பான் இல்லாத பசையை நாங்கள் வெதுவெதுப்பாகத்தான் தடவுகிறோம். உறை செய்யும் வேலை முழுவதிலும் நொதி உயிரோடு தாண்டக்கூடிய ஒரு கட்டம் உண்டென்றால் அது நான் நிற்கிற இயந்திரம்தான். இதைச் சொன்னதும் பையன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

கொலோனில் அவன் இறங்கிவிட்டான். நான் இரவு ஆகன் வந்து சேர்ந்தேன்.

ஐந்தாம் நாள்: ஆகன்

மழை. பல்கலைக்கழகப் பக்கம் நடந்தேன். இங்கே லார்ஸ் பிளாங்க்கின் குழு ஒருங்கிணைத்த மிக்ஸ்-அப் என்ற திட்டம் 2020 இல் தொடங்கியது. பெயரே சொல்கிறது: கலந்த பிளாஸ்டிக். முதலில் நொதி சங்கிலியை வெட்டும். அதில் பெட்டின் துண்டுகளான டெரெப்தாலிக் அமிலம், எத்திலீன் கிளைக்கால் என்று பல சில்லறைகள் கலந்து வரும். அவற்றை வேதிமுறையில் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வது செலவு. அதனால் கலவையை அப்படியே சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்து, அவை தின்று வளர்ந்து புதிய, மக்கும் பிளாஸ்டிக்கைத் தங்கள் உடலுக்குள் சேர்க்கும்படி செய்வது. பல வாய்க்கால்கள் ஒரு குளத்துக்கு வந்து சேர்கிற மாதிரி.

சரி, பாலிஎத்திலீன்? அதில் எஸ்டர் இல்லை, வெட்டக் கைப்பிடியே இல்லை. கார்பனுக்குக் கார்பன் என்று நீண்ட சங்கிலி மட்டும். அமெரிக்காவில் கிரெக் பெக்காமின் குழு 2022 இல் காட்டிய வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன், பெட் மூன்றையும் கலந்து, கோபால்ட், மாங்கனீசு வினையூக்கிகளோடு ஆக்சிஜனில் ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். சங்கிலிகள் உடைந்து சிறு அமிலங்களாயின. அந்தக் கலவையை, மரபணு மாற்றிய சூடோமோனாஸ் பூட்டிடா தின்று ஒரே பொருளாக மாற்றியது. கடினமான உடைப்பு வேதியியலுக்கு, குழப்பமான கலவையை ஒழுங்குபடுத்துவது நுண்ணுயிரிக்கு.

ஆனாலும் சுத்தமாகக் கழன்று வந்த பாலிஎத்திலீனை அமிலமாக்கிப் பாக்டீரியாவுக்கு ஊட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கழன்றால் உருக்கி மறுபடி ஃபிலிமாக்கலாம். பிரிக்கவே முடியாமல் போன மிச்சத்துக்கு இந்த வழி இருக்கட்டும்.

பழச்சாற்றுப் பெட்டியை இன்று குப்பையில் சேர்த்தேன், அதற்கான தொட்டியில். அதில் முக்கால் பங்கு காகிதம், ஐந்தில் ஒரு பங்கு பாலிஎத்திலீன், மிச்சம் அலுமினியம். காகிதத்தைப் பிரிக்கத் தண்ணீரில் கலக்கி அடித்தாலே போதும், நுண்ணுயிரி வேண்டாம். காகிதம் போனபின் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும்தான் தலைவலி.

ஆறாம் நாள்: கிளெர்மோன்-ஃபெரான்

விடியற்காலையில் கிளம்பி, பாரிஸில் ரயில் மாறி, மாலையில் வந்தேன். ஊரின் கட்டாரூ பகுதியில் மிஷ்லின் டயர் நிறுவனத்தின் பழைய சோதனைத் தடங்கள் பெரிய சறுக்குமரம் போல வானத்தில் வளைந்து நிற்கின்றன. அந்த வளாகத்தில்தான் கார்பியோஸ் நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் செயல்விளக்க ஆலையைத் தொடங்கியது. 20 கன மீட்டர் கொள்கலன், ஒரு சுற்றுக்கு 2 டன் பெட்.

இங்கே ஓடும் நொதி, ஒசாகாவின் இலைக் குவியலில் கிடைத்த அதே எல்சிசியின் வாரிசு. துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸும் சேர்ந்து அதன் அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றினார்கள்; சூட்டைத் தாங்க இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே ஒரு பாலம் போட்டார்கள். 2020 இல் வெளியான முடிவு: 72 டிகிரியில், 10 மணி நேரத்தில் 90 சதவீதம். நிறம் போட்ட பாட்டில், துணி, பல அடுக்குத் தட்டு என்று சாதாரண மறுசுழற்சி ஒதுக்கும் சரக்கை இதில் போடலாம் என்கிறார்கள். பாலியெஸ்டர் மட்டும் கரைந்துபோகும், மற்றது வடிகட்டியில் நிற்கும். முதல் நாள் துல்னில் எழுதினேனே, அதே தத்துவம் டன் கணக்கில்.

வேலியோரம் நின்று ஒரு கணக்கும் போட்டேன். பெட் வெட்டுப்பட்டால் அமிலம் உண்டாகும், நொதி வேலை செய்யக் காரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அமிலத்தைத் திருப்பி எடுக்கக் கந்தக அமிலம் ஊற்றினால் சோடியம் சல்பேட் உப்பு மிஞ்சும். மூலக்கூறு எடையில் பெட்டின் ஓர் அலகு 192, அதற்கு மிஞ்சும் உப்பு 142. கிலோவுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ உப்பு! நுண்ணுயிரி சுத்தமானது என்று நினைப்பவர்கள் இந்த உப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பசையை மட்டும் வெட்டுவதில் எனக்கு இன்னொரு நம்பிக்கை இதனால் வந்தது. சதுர மீட்டருக்கு இரண்டு கிராம் பசை எவ்வளவு அமிலத்தை உண்டாக்கிவிடும்?

விடுதிக்கு வந்ததும் எங்கள் தரச்சோதனைப் பிரிவில் இருக்கும் நண்பருக்கு எழுதினேன். அங்கே ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. உறையை 70 டிகிரியில் ஊறவைத்து, மறுநாள் இழுத்துப் பார்த்து, பிரியவில்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்காக வாங்கியது. பாலியெஸ்டர் வகைப் பசை ஒன்று, பாலிஈதர் வகை ஒன்று, ஒரு சென்டிமீட்டர் துண்டுகள் போதும், சந்தையில் கிடைக்கும், க்யூட்டினை வெட்டும் க்யூட்டினேஸ் நொதி ஏதாவது ஒன்றை வரவழைத்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சூடு 70 இல் வேண்டாம், முதலில் 50 இல் பார்ப்போம்.

பதில் வந்துவிட்டது. தொட்டி திங்கட்கிழமை காலியாக இருக்கிறதாம்.